அழுகாச்சி ரூல்

இனிமேல் நம் பயிற்சி மையத்தில் ஆங்கிலக் கேள்விகளை எழுதப்போகிறவர்கள் நீங்கள் மூன்று பேர்தான் என்று கேள்விப்பட்டேன். போன மாதம் கீரனூருக்கு என்னைப் பார்க்க வந்தபோது, "வாரத்துக்கு நாப்பது வாக்கியத்துக்கு எங்க மேடம் போறது?" என்று கேட்டீர்கள். காபி கொடுத்தேன், வெயிலைப் பற்றிப் பேசினேன், பேருந்து ஏற்றி அனுப்பிவிட்டேன். பதில் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் வெட்கம். எழுதுவது எனக்குக் கொஞ்சம் சுலபம் என்பதால் இப்போது எழுதுகிறேன்.

நம் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஒரு ஆங்கில வாக்கியம், நடுவில் ஒரு கோடு, கீழே நான்கு சொற்கள். வங்கித் தேர்வு எழுதுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த நான்கில் இரண்டு சொற்களை வாழ்க்கையில் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, வாக்கியத்துக்குள்ளேயே துப்பு இருக்கிறது என்று சொல்லிக்கொடுப்பதுதான் நம் பிழைப்பு. 'ஆல்தோ' என்று ஆரம்பித்தால் பின்பாதி திரும்பிக்கொள்ளும். 'பிகாஸ்' வந்தால் நேரே போகும். இதெல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிடும். வராதது பொறுமை. பிள்ளைகள் வாக்கியத்தைப் படிப்பதற்கு முன்பே நான்கு சொற்களுக்கு ஓடிவிடுவார்கள். அதனால் நான் ஒரே ஒரு பழக்கத்தைப் பதினெட்டு வருடம் கத்திக் கத்திச் சொன்னேன். விடைகளை உள்ளங்கையால் மூடு. வாக்கியத்தை முழுதாகப் படி. கோட்டில் உனக்குத் தோன்றுகிற தமிழ்ச் சொல்லைப் போடு. அப்புறம் கையை எடு. இதனால் எனக்கு முதுகுக்குப் பின்னால் 'மூடி மேடம்' என்று பெயர். தெரியாத மாதிரி நடந்துகொள்வேன்.

வாக்கியங்களை எங்கிருந்தும் எடுக்கக் கூடாது, நாமே எழுத வேண்டும் என்பது நம் மையத்தின் வழக்கம். நல்ல வழக்கம்தான். எடுத்துப் போட்டால் பிள்ளைகள் ஃபோனில் தேடி விடையோடு வந்துவிடுவார்கள். எனக்கு முன்பு இந்த வேலையைப் பார்த்த பெரியவர் ஒருவர், பொறுப்பை என்னிடம் கொடுத்தபோது ஒரே ஒரு விஷயம் சொன்னார்: "எழுதி முடிச்சதும் வேற ஒருத்தர விடை போட்டுப் பாக்கச் சொல்லுங்க. எழுதுனவங்க கண்ணுக்கு எதுவும் தெரியாது." நான் தலையாட்டினேன். அந்த வேறொருத்தரைத் தேடி நான் அலைய வேண்டியிருக்கவில்லை. வீட்டிலேயே இருந்தாள்.

என் தங்கை வசந்தி. நாங்கள் இருவரும் கீரனூரில் ஒரே வீட்டில் இருந்தோம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்கு அமையவில்லை. நான் காலையில் புதுக்கோட்டை பஸ் ஏறுவேன், அவள் திருச்சி பஸ் ஏறுவாள். அங்கே ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் என் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் படுத்துக்கொள்வாள். இடது கையால் விடைகளை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போடுவாள். பத்தாவது கேள்வி வருவதற்குள் புலம்ப ஆரம்பித்துவிடுவாள்.

"அக்கா, இது அழுமூஞ்சிக் கேள்வி. மாத்து."

"விடை சரியா இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லு."

"சரிதான். ஆனா அந்த அம்மா எதுக்கு மழையில நிக்கணும்? குடையக் குடேன்."

நானும் முணுமுணுத்துக்கொண்டே அந்த அம்மாவுக்குக் குடையைக் கொடுத்து வாக்கியத்தை மாற்றுவேன். இப்படி வருடக்கணக்காக நடந்தது.

முப்பத்தொன்பது வயதில் வசந்திக்கு ஒரு வரன் வந்தது. மணமேல்குடியில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர், மனைவியை இழந்தவர், ஒரு பெண் குழந்தை. வசந்தி என்னிடம் சம்மதம் கேட்கவில்லை, முடிவு செய்துவிட்டுச் சொன்னாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "என்னையத் தனியா விட்டுட்டுப் போறேன்னா போ. அப்புறம் இங்கிட்டு வராத." கல்யாணத்துக்கு நான் போகவில்லை. மறுவாரம் இரண்டு தடவை ஃபோன் செய்தாள். நான் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அவள் செய்யவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தாளைப் போட்டுப் பார்க்க ஆளில்லை. இன்னொருவரிடம் கொடுத்திருக்கலாம். கணக்கு எடுக்கிற சாரிடம் கொடுத்திருக்கலாம், அலுவலகத்தில் டைப் செய்கிற பெண்ணிடம் கொடுத்திருக்கலாம். வேறு ஒருவரிடம் கொடுப்பது வசந்தி இனி இல்லை என்று ஒப்புக்கொள்கிற மாதிரி இருந்தது. எழுதினேன், நானே சரிபார்த்தேன், அனுப்பினேன். ஒவ்வொரு வாக்கியமும் சரியாகத்தான் இருந்தது. துப்பு இருக்கும், ஒரு விடைதான் பொருந்தும். மூன்று வருடத்தில் ஒரு பிள்ளைகூட ஒரு விடையைத் தப்பு என்று சொல்லி வந்து நிற்கவில்லை. பயிற்சித் தாள்களில் மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. மையத்தை நடத்துகிற சார் என்னைப் பாராட்டினார், வாசலில் பிள்ளைகளின் படத்தோடு ஃப்ளெக்ஸ் வைத்தார். தனிமையில் நம் திறமை கூடிவிட்டது என்று நானும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஃப்ளெக்ஸில் முதல் படம் கலைச்செல்வியுடையது. அரிமளத்துப் பெண். கணவர் சவூதியில். ஐந்து வயதில் ஒரு பையன். மாமியாரிடம் பிள்ளையை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் வருவாள். வகுப்பில் மற்ற பிள்ளைகளைவிட ஏழெட்டு வயது மூத்தவள் என்பதால் கடைசி பெஞ்சில் கூச்சத்தோடு உட்காருவாள். அந்த வருடத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. எழுத இரண்டே தேர்வுகள்தான் பாக்கி இருந்தன. என் தாள்களில் நாற்பதுக்கு முப்பத்தெட்டுக்குக் கீழே அவள் எடுத்ததே இல்லை. ஆங்கிலத்தைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை, கணக்குதான் பயம் என்பாள்.

முதல் தேர்வில் கணக்கில் தேறிவிட்டாள். ஆங்கிலத்தில் கோட்டை விட்டுவிட்டாள்.

மதிப்பெண் வந்த மறுநாள் ஆசிரியர் அறைக்கு வந்தாள். தேர்வில் வந்த ஐந்து கோடிட்ட இடங்களை நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதி வந்திருந்தாள். ஐந்தும் தப்பு. தப்புக்குக் கால் மதிப்பெண் கழிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் ஒன்று எனக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. தமிழில் சொன்னால் இப்படி வரும். 'ஊர் சிறியதாக இருந்தாலும், புதிதாக வந்த ஆசிரியரை மக்கள் ____ வரவேற்றார்கள். வீட்டுக்கு வீடு சாப்பிடக் கூப்பிட்டார்கள்.' உற்சாகமாக என்பதற்கான சொல் அங்கே இருக்கிறது. இவள் வேண்டாவெறுப்பாக என்பதைப் போட்டிருந்தாள்.

"வீட்டுக்கு வீடு சாப்பிடக் கூப்பிட்டாங்கன்னு வாக்கியத்துலயே இருக்கே கலை. அத விட்டுட்டு எப்பிடி இதப் போட்ட?"

அவள் தாளை மடித்தாள். பிறகு, "தப்பா நெனைக்காதீங்க மேடம். நாங்க வாக்கியத்தப் படிக்கிறதே இல்ல" என்றாள்.

"என்னது?"

"ஒங்க பேப்பர்ல எது ரொம்ப சோகமான வார்த்தையோ அதத்தான் போடுவோம். அது சரியா இருக்கும். மூணு வருஷமா எல்லா பேட்சுக்கும் தெரியும். சீனியருங்க சொல்லிக்குடுத்துட்டுப் போயிருவாங்க. அழுகாச்சி ரூல்னு பேரு." குரல் இறங்கிவிட்டது. "பரீட்சையில டைம் போயிக்கிட்டு இருந்துச்சு. கை பழக்கத்துல போட்டுருச்சு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. குறுக்கு வழி, சோம்பேறித்தனம், இத்தனை வயதாகியும் இப்படியா என்றெல்லாம் திட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு போனாள். மூன்று வருடத்துத் தாள்களைப் பையில் அள்ளிக்கொண்டு, அவள் சொன்னதைப் பொய்யாக்குவதற்காகவே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வசந்தி படுக்கிற இடத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். என் பழக்கத்தைத் தலைகீழாக்கினேன். வாக்கியத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு விடைகளை மட்டும் பார்த்தேன். கைவிடப்பட்ட, நம்பிக்கையிழந்த, வெறிச்சோடிய, தனித்த. எது மிகவும் துக்கமாக இருந்ததோ அதில் குறி வைத்தேன். முதல் தாளில் நாற்பதுக்கு முப்பத்தேழு சரி. இரண்டாவதில் முப்பத்தெட்டு. நாலாவது தாளோடு நிறுத்திவிட்டேன்.

பிறகு கையை எடுத்து வாக்கியங்களை வரிசையாகப் படித்தேன். கோலம் போட்டு வைத்திருந்தும் அன்று யாரும் வரவில்லை. மூன்று பேருந்துகள் வந்தும் அவள் எதிர்பார்த்தவர் எதிலும் இல்லை. திருமதி ராவ், மேரி, பாத்திமா என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தேன். பெயரை மாற்றினால் ஆளும் மாறிவிடுவாள் என்று நினைத்திருக்கிறேன். எல்லோரும் கீரனூரில் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒவ்வொரு கேள்வியும் தனித்தனியாகச் சரி. சேர்த்து வைத்துப் பார்க்க ஒருவர் இருந்திருந்தால் முதல் மாதமே சொல்லியிருப்பார். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. என் துக்கத்துக்காக வந்த அழுகை இல்லை. அந்தத் துக்கத்தைப் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறேனே என்று வந்தது.

இதற்கு அடுத்து நான் செய்ததுதான் பெரிய தப்பு. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரிடமும் சொல்லாமல் தாளை மாற்றினேன். கலைச்செல்வியின் கடைசித் தேர்வுக்கு இருபத்தைந்து நாள் இருந்தது. அந்த வாரத் தாளில் பாதி விடைகளை மகிழ்ச்சியான சொற்களாக வைத்தேன். பிள்ளைகள் தாமாகத் திருந்திவிடுவார்கள், என் மானமும் போகாது என்று கணக்குப் போட்டேன். முப்பத்தெட்டு எடுத்தவர்கள் பதினெட்டுக்கு வந்தார்கள். கலைச்செல்வி பதினாறு. வகுப்பில் ஒரு முகத்திலும் ஈயாடவில்லை. என்ன நடந்தது என்று அவர்களுக்குப் புரியவில்லை, புரிந்த நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த தாளிலும் அதேதான். மூன்றாம் நாளிலிருந்து கலைச்செல்வி வரவில்லை.

சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேசையில் இருந்த தேர்வு அட்டவணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், பரீட்சைக்கு மூணு வாரம் கூட இல்ல. இப்பப் போயி இத்தன நாளு போட்டதெல்லாம் தப்புன்னு சொன்னா மொத்த பேட்சும் கலங்கிப் போயிரும். வாசல்ல ஃப்ளெக்ஸ் வேற வச்சிருக்கோம். பழையபடி ஈசியா நாலு பேப்பர் குடுங்க. தெம்பாப் போயி எழுதட்டும்."

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தேர்வுக்கு முன்பு தெம்பு முக்கியம். இந்த இடத்தில்தான் நீங்கள் ஒரு நாள் வந்து நிற்பீர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும், நேரம் இருக்காது. எனக்கு அன்று முடிவெடுக்க உதவியது ஒரே ஒரு யோசனைதான். பிள்ளை தன்னைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறது, அது என்னால் வந்தது, அதைச் சரிசெய்யக்கூடிய விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்படியென்றால் சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை இல்லை.

மறுநாள் மதியம் அரிமளம் பஸ் ஏறினேன். மாமியார் வாசலில் புளி காய வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். நீங்களாச்சும் சொல்லுங்க. நாலு நாளாப் பித்துப் புடிச்சவ மாதிரி ஒக்காந்திருக்கா. புள்ளைக்கிட்டகூடப் பேச மாட்டேங்கிறா."

கலைச்செல்வி உள்ளே கூப்பிட்டாள், தண்ணீர் கொடுத்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்கு மூளை மழுங்கிப் போச்சு மேடம். வயசாயிருச்சு. அவரும் அங்கிட்டு இருந்து, விட்டுருன்னு சொல்றாரு."

"ஒன் மூளைக்கு ஒன்னும் ஆகல. என் பேப்பர்தான் மழுங்கிப் போச்சு" என்றேன். மூன்று வருடம் என்ன எழுதினேன், ஞாயிற்றுக்கிழமை வாக்கியத்தை மூடிவிட்டுப் பார்த்தபோது என்ன கண்டேன், பிறகு பயந்துகொண்டு சொல்லாமல் எப்படி மாற்றினேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவளைத் திட்டியதற்கு மன்னிப்பும் கேட்டேன். ஆசிரியர் மன்னிப்புக் கேட்டால் பிள்ளைகள் பதறிப்போவார்கள் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

"ஐயோ, விடுங்க மேடம்" என்றவள், கொஞ்சம் யோசித்துவிட்டு மெல்லச் சிரித்தாள். "ஆனா ஒன்னு சொல்லட்டா? இப்பக் குடுக்கிற சந்தோஷ வாக்கியம் எல்லாம் நம்புற மாதிரி இல்ல. பரிசு வாங்கினான், சிரிச்சான். இனிப்பு குடுத்தாங்க, குதிச்சான். க்ளூவே இல்ல. சோக வாக்கியத்துலயாச்சும் ஆளு இருந்தாங்க."

"என்ன ஆளு?"

"ரெண்டு பேருக்குச் சமைக்கிற அக்கா. மார்க் வந்தப்புறம் பழச எல்லாம் எடுத்துப் படிச்சேன், நாலஞ்சு பேப்பர்ல வாராங்க மேடம். பேருதான் வேற வேற."

நான் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தேன். வசந்தி போன பிறகும் என்னால் ஒரு ஆளுக்கு அரிசி போட முடியவில்லை. கை தானாக இரண்டு ஆழாக்கு அளந்துவிடும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நாற்பது பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன் என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது.

மறுநாள் கலைச்செல்வி வந்தாள். சாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். அவர் பெருமூச்சு விட்டார், தடுக்கவில்லை. பிள்ளைகளிடம் உள்ளதைச் சொன்னேன். உங்கள் மதிப்பெண் குறையவில்லை, இதற்கு முன்பு இருந்தது மதிப்பெண்ணே இல்லை, இரண்டுக்கும் நான்தான் பொறுப்பு என்றேன். பின்வரிசையில் மணமேல்குடிப் பையன் ஒருவன் எழுந்தான்.

"அப்ப அழுகாச்சி ரூல் செத்துப் போச்சா மேடம்?"

"செத்துப் போச்சு."

"அடக்கம் பண்ணிட்டு டீ குடிக்கப் போலாமா?"

வகுப்பு சிரித்தது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக நானும் சிரித்தேன். கலங்கிப் போவார்கள் என்று பயந்தோமே, அவர்களுக்கு அன்று வந்தது நிம்மதிதான்.

இனி தாள் எப்படி எழுதுவது? என்னால் என் வீட்டை விட்டு வெளியே போய் எழுத முடியவில்லை என்பது தெரிந்துவிட்டது. அதனால் பிள்ளைகளையே எழுதச் சொன்னேன். ஆளுக்கு மூன்று வாக்கியம், அவரவர் வீட்டிலிருந்து. உள்ளே துப்பு இருக்க வேண்டும், நடுவில் கோடு வேண்டும். ஆங்கிலத்தை நான் திருத்துகிறேன். ஒருவர் எழுதியதை இன்னொருவர் விடைகளை மூடிக்கொண்டு போட்டுப் பார்க்க வேண்டும். துப்பு போதாவிட்டால் எழுதியவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வந்த வாக்கியங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கீரனூர்ப் பெண் ஒருத்தி, திருச்சி பஸ்ஸில் தினமும் நின்றுகொண்டே போகிற தன் அப்பா உட்கார இடம் கிடைத்த அன்று தூங்கிப்போய் ஊரைத் தாண்டிவிட்டதை எழுதினாள். கலைச்செல்வி எழுதியது, 'வீடியோவில் தினமும் பார்க்கிற அப்பாதான் என்றாலும், நேரில் வந்து நின்றபோது மகன் ____ அம்மாவின் பின்னால் போய் நின்றான்.' மணமேல்குடிப் பையன், 'கடல் குளம் மாதிரி கிடந்தும் விசைப்படகுகள் கரையிலேயே ____, ஏனென்றால் அன்று நாட்டுப்படகுகளின் முறை' என்று எழுதினான். அங்கே இரண்டு வகைப் படகுகளுக்கும் கடலுக்குப் போக வாரத்தில் தனித்தனி நாட்கள் உண்டு. நான் எழுதியிருந்தால் அமைதியான கடல் என்றதும் எல்லாப் படகையும் உள்ளே அனுப்பியிருப்பேன்.

அந்தப் பையனிடம், "மணமேல்குடியில எங்கிட்டு?" என்று கேட்டேன். தெருப் பெயரைச் சொன்னான். ஐஸ் கம்பெனி தெரியுமா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்காமல் அடுத்த தாளை எடுத்துக்கொண்டேன்.

மிச்சமிருந்த நாட்கள் அப்படி ஓடின. கலைச்செல்விக்குப் பதினாறு இருபத்திரண்டாகி, இருபத்தொன்பதாகி, முப்பத்தொன்றில் நின்றது. தேர்வன்று காலை, "மேடம், முப்பத்தெட்டு வரலையே" என்று ஃபோனில் பயந்தாள். "இந்த முப்பத்தொன்னு ஒன்னோடது. அது போதும். வாக்கியத்தப் படி" என்றேன்.

அவள் தேறினாள். முதல் கட்டம், பிறகு முதன்மைத் தேர்வு, இரண்டிலும். தர்மபுரிப் பக்கம் வேலை போட்டார்கள். சந்தோஷமான முடிவு என்று இங்கே நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் உங்களிடம் மறைத்துப் பயனில்லை. கலைச்செல்வி வந்து சொன்னாள், அவளுக்குச் சரிசெய்ய முடிந்தது. அதற்கு முந்தைய மூன்று வருடத்துப் பிள்ளைகளில், என் தாளில் முப்பத்தெட்டு எடுத்துவிட்டுத் தேர்வறையில் கை பழக்கத்தில் போட்டுவிட்டு, தனக்கு ஆங்கிலம் வராது என்று நினைத்துக்கொண்டு வேறு வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்? எனக்குத் தெரியாது. சில முகங்கள் நினைவில் இருக்கின்றன. கடைவீதியில் யாராவது "வணக்கம் மேடம்" என்றால், எந்த வருடத்துப் பிள்ளை என்றுதான் இன்றும் முதலில் கணக்குப் போடுகிறேன்.

வேலையில் சேருவதற்கு முன்பு கலைச்செல்வி கீரனூருக்கு வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். இனிப்புப் பெட்டியை வைத்துவிட்டு, உரிமையாக அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்த்தாள். சோற்றுப் பானையைப் பார்த்தாள்.

"யாரும் வாராங்களா மேடம்?"

"இல்ல. நீ சாப்பிடு."

"இல்ல மேடம், புள்ள அத்தைகிட்ட அழுதுக்கிட்டு இருப்பான். அடுத்த பஸ்ஸுக்குப் போகணும்." செருப்பைப் போட்டுக்கொண்டவள் வாசலில் நின்றாள். "மேடம், கேக்கவான்னு தெரியல. ஒங்க பேப்பர் எல்லாத்தையும் நான் வாக்கியத்தோட மறுபடி படிச்சேன், பரீட்சைக்கு முன்னாடி. அதுல யாருமே வர மாட்டேங்கிறாங்க. சரி. ஆனா அந்த அக்கா யாரையும் கூப்பிட்ட மாதிரி ஒரு வாக்கியம்கூட இல்லையே மேடம். கூப்பிடாம எப்பிடி வருவாங்க?"

துப்பைத் தேடச் சொல்லிக் கொடுத்தவள் நான்தானே. "பஸ்ஸு போயிரும், கெளம்பு" என்றேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு கொஞ்ச நேரம் வீட்டுக்குள் சும்மா நடந்துகொண்டிருந்தேன். பிறகு ஃபோனை எடுத்தேன். வசந்தியின் எண் மாறியிருக்கவில்லை. நாலாவது மணியடிப்பில் எடுத்தாள். பின்னால் ஒரு பெண் குழந்தை எதையோ சத்தமாக ஒப்பித்துக்கொண்டிருந்தது.

"அக்கா?"

"ம்."

"சாப்பிட்டியா?"

"இல்ல. ரெண்டு பேருக்கு ஆக்கிட்டேன்" என்றேன். மூன்று வருடத்துக் கோபத்துக்கும் வெட்கத்துக்கும் அந்த ஒரு வாக்கியம்தான் இருந்தது. அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இங்கிட்டு வராதன்னு சொன்னியேக்கா."

"சொன்னேன். வா."

பிறகு பழைய அதட்டல் குரலில் சொன்னாள்: "மிச்சச் சோத்துல தண்ணி ஊத்தி வையி. காலம்பற மொத பஸ்ஸுல வாரேன்."

வந்தாள். அறந்தாங்கியில் ஒரு பஸ், புதுக்கோட்டையில் ஒரு பஸ் மாறி வந்தாள். பழைய சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, "பேப்பர் இருக்கா?" என்று கேட்டாள். அந்த வாரத் தாளைக் கொடுத்தேன். மின்விசிறிக்கு அடியில் படுத்து, விடைகளை இடது கையால் மூடிக்கொண்டு நாற்பதையும் போட்டாள். ஏழு கேள்விகளில் துப்பு போதாது என்றாள். ஏழையும் மாற்றினேன். அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும் என்று சொல்லி, சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

ஓய்வு பெறும்வரை பிள்ளைகளின் வாக்கியங்களை வைத்துத்தான் தாள் போட்டேன். நாற்பது வாக்கியத்துக்கு எங்கே போவது என்று கேட்டீர்களே, உங்கள் மூன்று பேரில் யாரும் தனியாக உட்கார்ந்து எழுதாதீர்கள் என்பதுதான் என்னிடம் இருக்கிற பதில். எழுதியதை இன்னொருவரிடம் கொடுங்கள். அவர் வாக்கியத்தை மூடிவிட்டு விடை சொல்லிவிட்டால் தாளைக் கிழித்துப் போடுங்கள்.

நான் இப்போதும் தனியாகத்தான் இருக்கிறேன். வசந்திக்கு அங்கே ஒரு வீடு இருக்கிறது, அவளை எதிர்பார்க்கிற ஒரு குழந்தை இருக்கிறது. மாலை பஸ் போன பிறகு இந்த வீடு எனக்குப் பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒரு ஆளுக்கு அரிசி போடப் பழகிவிட்டேன். இரண்டு ஆழாக்கு போடுவது, அவளை நான் கூப்பிட்ட நாட்களில் மட்டும்தான்.